கலீஃபா வலீதும் திமிஷ்குப் பள்ளிவாசலும்

பள்ளிவாசல் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் எழும் தோற்றம் எது? வானளாவி நிற்கும் மினாராக்கள், நடுவே கவிந்த குப்பா, கிப்லாச் சுவரின் மையத்தில் குழிந்து வளைந்த மிஹ்ராப், தூண் வரிசைகள் சூழ்ந்த முற்றம் ஆகியவையே அன்றோ! ஆனால் கி.பி. 622இல் மதீனா நகரில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களோடு தாமும் கல் சுமந்து எழுப்பிய பள்ளியில் இவற்றுள் முற்றம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. வெயிலில் உலர்ந்த பச்சைச் செங்கல்லே சுவர். பேரீச்ச மரத்தின் அடிப்பகுதியே தூண். அதன் ஓலையே கூரை. மழை பெய்தால் கூரை ஒழுகும். சேற்றிலேயே நெற்றி பதித்துத் தொழுவர். பாங்கு சொல்லும் ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களுக்கு மினாரா இல்லை. அண்டை வீட்டுக் கூரையே மேடையாயிற்று.

பின்னர் 638இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அப்பள்ளியை விரிவாக்கினார்கள். எளிமை அப்போதும் குன்றவில்லை. 649-50இல் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் செதுக்கிய கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு அதனைப் புதுப்பித்தார்கள். கூரைக்குத் தேக்கு மரம் இட்டார்கள். அரபு நாட்டில் தேக்கு விளைவதில்லை. கடல் கடந்து சென்ற மரம் அது. இவ்விரு விரிவாக்கங்களும் தேவை கருதிச் செய்தவையே ஆகும். மக்கள் பெருகினர், இடம் போதவில்லை, இடத்தைப் பெருக்கினர், அவ்வளவே.

ஓலைக் கூரையிலிருந்து பொற்சில்லு வேய்ந்த சுவர் வரை நடந்த நெடும்பயணத்தில் மிகப் பெரிய அடி எடுத்துவைக்கப்பட்டது 705 முதல் 715 வரையான பத்தாண்டுகளில். அந்தப் பத்தாண்டுகளின் ஆட்சியாளர் உமையாக் குலத்துக் கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக். மதீனா, திமிஷ்கு, பைத்துல் முகத்தஸ், ஃபுஸ்தாத், ஸன்ஆ என ஐந்து நகரங்களின் பெரும் பள்ளிகள் அவர் காலத்தில் புத்துருப் பெற்றன. அவரைப் போற்றியவர்களும் உண்டு. அவர் கட்டியவற்றைக் கண்டு கண்ணீர் விட்டவர்களும் உண்டு. இரு சாரார் சொல்வதையும் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையில் நம் நோக்கம்.

வலீத் மதீனாவில் பிறந்தவர். தந்தையார் அப்துல் மலிக் பின் மர்வான்; தாயார் அப்ஸ் குலத்து வல்லாதா. தந்தையார் மதீனாவின் மார்க்க அறிஞர்களோடு அமர்ந்து கற்றவர். கலீஃபாவான பின் பேரரசின் ஆட்சிமொழியை அரபாக்கியவர். குர்ஆன் வசனங்கள் பொறித்த நாணயத்தை வெளியிட்டவர். பைத்துல் முகத்தஸில் குப்பத்துஸ் ஸக்ராவை எழுப்பியவர். அக்கட்டடத்தின் உட்புறத்தில் ஹிஜ்ரி 72 (691-92) என்னும் ஆண்டு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அது தொழுகைப் பள்ளி அன்று. பாறையைச் சூழ்ந்த நினைவு மாடம். எனினும் எழில் வாய்ந்த கட்டடத்தால் ஒரு மார்க்கம் தன் இருப்பை உலகுக்கு அறிவிக்கலாம் என்னும் பாடத்தை இளைஞர் வலீத் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

அவர் கற்காத பாடம் ஒன்றும் உண்டு. அது இலக்கணம்! அக்கால அரபுச் செல்வர் தம் மைந்தரைப் பாலைவனத்துக் குடிகளிடம் விட்டு வளர்ப்பர். தூய மொழி அங்கே வாழ்கிறது என்பது அவர்தம் நம்பிக்கை. அப்துல் மலிக்குக்கு மூத்த மகனைப் பிரிய மனம் வரவில்லை. விளைவு, வலீதின் பேச்சில் வேற்றுமைப் பிழைகள் மலிந்தன. ஒருமுறை பாலைவனத்து அரபியர் ஒருவரிடம், பெண்வழி உறவினர் யார் என்று கேட்கப் புகுந்தவர், சொல்லின் இறுதியில் ஓர் உயிர்க்குறியைப் பிறழ உச்சரித்தார். உமக்குக் கத்னா செய்தவர் யார் என்று பொருள் மாறிவிட்டது. வந்தவரும் யாரோ ஒரு மருத்துவர் என்று விடை பகர்ந்தாராம். தந்தையார் கடிந்துகொள்ள, இலக்கண ஆசிரியர்களோடு ஆறு திங்கள் அறைக்குள் அடைந்துகிடந்து, நுழைந்தபோது இருந்ததைவிடக் குறைந்த அறிவோடு வெளியே வந்தார் என்று பழைய நூலார் எள்ளி நகையாடுவர். மொழித்துறையில் பணிபுரியும் நாம் இச்செய்தியை மாணவர்க்குச் சொல்வதில் சற்றே அச்சமும் உண்டு. இலக்கணம் அறியாமலே பேரரசு ஆளலாம் என்று அவர்கள் துணிந்துவிடக் கூடும்.

சொல்லால் தம்மை வெளிப்படுத்த இயலாதவர் கல்லால் வெளிப்படுத்தினார் எனலாமா? அப்படி முடிவு கட்டுவது மிகையாகலாம். ஆனால் கட்டட நாட்டம் அவரிடம் இளமையிலேயே இருந்தது. இன்றைய ஜோர்தான் நாட்டின் பாலைவனத்தில் கஸ்ர் புர்கு என்னும் இடிந்த கோட்டையில் ஹிஜ்ரி 81 (700-01) எனத் தேதியிட்ட கல்வெட்டு ஒன்று இளவரசர் வலீதின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இடையில் உரோம எல்லையில் படை நடத்தினார். ஹஜ்ஜுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 705 அக்டோபரில் தந்தையார் மறைந்ததும் கலீஃபா ஆனார்.

அவருடைய ஆட்சியின் வெற்றிகளைச் சொல்லத் தனி நூலே வேண்டும். தாரிக் பின் ஸியாத் 711இல் ஸ்பெயினில் கால் வைத்தார். அதே காலத்தில் முஹம்மத் பின் காஸிம் சிந்து வெளியில் நுழைந்தார். குதைபா பின் முஸ்லிம் புகாராவையும் ஸமர்கந்தையும் வென்றார். கலீஃபாவான பின் வலீத் எந்தப் போர்க்களத்துக்கும் செல்லவில்லை; தளபதிகளை அனுப்பினார், வந்த செல்வத்தைக் கல்லாக்கினார். கல் மட்டுமே அவர் கவலையாக இருந்ததென்று சொல்வதும் முறையன்று. தொழுநோயாளர் தெருவில் இரவாதபடி அவர்களுக்கு உதவித்தொகை வகுத்தார். முடவர்க்குப் பணியாளையும் பார்வையற்றோர்க்கு வழிகாட்டியையும் அரசே அளிக்கச் செய்தார். ஷாம் நாட்டு மக்கள் அவரைத் தம் கலீஃபாக்களுள் சிறந்தவராகக் கருதினர் என்று வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பது இதனால்தான்.

இனி மதீனாவுக்கு வருவோம். வலீதுக்கும் அந்நகருக்கும் இடையே ஒரு பழைய வருத்தம் இருந்தது. அந்நகரின் பேரறிஞர் ஸயீத் பின் முஸய்யிப் (ரஹ்) அவர்களுக்கு ஒரு மகள். கல்வியும் பண்பும் நிறைந்த அப்பெண்ணைப் பட்டத்து இளவரசர் வலீதுக்கு மணமுடிக்க அப்துல் மலிக் விரும்பினார். ஸயீத் மறுத்துவிட்டார். மனைவியை இழந்து வறுமையில் வாடிய தம் மாணவர் ஒருவருக்கு இரண்டே திர்ஹம் மஹருக்கு மகளை நிக்காஹ் செய்து வைத்து, அன்று மாலையே அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். பின்னர் வலீதையும் அடுத்த மகன் சுலைமானையும் வாரிசாக ஏற்று உறுதிமொழி தருமாறு கேட்டபோதும் அவர் இணங்கவில்லை. மதீனாவின் ஆளுநர் அவருக்குக் கசையடி கொடுத்து ஊரறிய நடத்திச் சென்றார்.

கலீஃபாவான வலீத் 706இல் அந்த ஆளுநரை நீக்கினார். அவ்விடத்தில் தம் சிற்றப்பா மகன் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களை அமர்த்தினார். இருவரும் இருவழி மைத்துனர்கள். உமரின் சகோதரி உம்முல் பனீனை வலீத் மணந்திருந்தார். வலீதின் சகோதரி ஃபாத்திமாவை உமர் மணந்திருந்தார். பிற்காலத்தில் நேர்மையின் இலக்கணமாக விளங்கிய இந்த உமர் அப்போது நறுமணமும் பட்டாடையுமாகத் திரிந்த செல்வ இளைஞர்; எனினும் மதீனாவின் அறிஞர் பதின்மரை அழைத்து அவர்தம் ஆலோசனையின்றி எதுவும் செய்வதில்லை என்று உறுதி கூறியே பதவி ஏற்றார்.

அவருக்குத்தான் அந்தக் கடினமான கட்டளை வந்தது. நபியவர்களின் பள்ளியை இடித்துப் பெரிதாக்குக. பள்ளியை ஒட்டியிருந்த நபியவர்களின் துணைவியர் அறைகளையும் அதனுள் சேர்த்துக்கொள்க என்பதே அது. அந்த அறைகள் எத்தகையவை? பச்சைச் செங்கல்லாலும் மண் பூசிய பேரீச்ச மட்டையாலும் ஆனவை; கதவுக்குப் பதிலாக மயிர்க் கம்பளித் திரை தொங்கியவை. சிறுவனாக அவற்றுள் நுழைந்தபோது கூரையைத் தம் கையால் தொட முடிந்ததென்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கலீஃபாவின் மடல் பள்ளியில் படிக்கப்பட்ட நாளில் மதீனா மக்கள் அழுதது போல், நபியவர்கள் மறைந்த நாளுக்குப் பின் வேறு எந்நாளிலும் அழுததில்லை என்று அறிவிப்புகள் கூறுகின்றன. ஸயீத் பின் முஸய்யிப் அவர்களின் வருத்தம் வேறு வகையானது. பெரும் பேரரசின் செல்வம் வந்து குவியும் காலத்தில், இறைத்தூதர் எவ்வளவு குறைவான உலகப் பொருளோடு மனநிறைவாக வாழ்ந்தார் என்பதைப் புதிய தலைமுறை கண்ணால் காண அந்த அறைகள் அப்படியே நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். மார்பில் அறைந்து அழுவதைக் காட்டிலும் கூர்மையான கண்டனம் இது என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் 707இல் பணி தொடங்கியது. ஆயிஷா (ரலி) அவர்களின் அறை மட்டும் இடிக்கப்படவில்லை. அங்கேதான் நபியவர்களும் முதலிரு கலீஃபாக்களும் அடங்கியுள்ளனர். பணியின்போது அதன் சுவர் ஒன்று சரிய, உள்ளே ஒரு பாதம் தென்பட்டது. நபியவர்களின் திருப்பாதமோ என எல்லோரும் நடுங்கினர். அது உமர் (ரலி) அவர்களின் பாதம் என்று உர்வா பின் ஸுபைர் (ரஹ்) உறுதி கூறிய பின்னரே அமைதி திரும்பியது. இந்நிகழ்ச்சி புகாரீ ஷரீஃபில் பதிவாகியுள்ளது. உமர் அவ்வறையைச் சூழ ஐந்து மூலைகள் கொண்ட புறச்சுவர் எழுப்பினார். நாற்சதுரமாக அமைத்தால் கஃபாவின் வடிவம் தோன்றி, மக்கள் அதை நோக்கித் தொழத் தொடங்கிவிடுவர் என்று அஞ்சினார்.

ஷாம் நாட்டிலிருந்தும் எகிப்திலிருந்தும் கிறிஸ்தவக் கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர். உரோமப் பேரரசரே பொன்னும் வண்ணச் சில்லுகளும் ஆட்களும் அனுப்பினார் என்னும் செய்தியை இக்கால ஆய்வாளருள் சிலர் ஏற்பர், சிலர் மறுப்பர். கிப்லாச் சுவரில் குழிந்த வடிவ மிஹ்ராப் அமைந்தது. நூல்கள் குறிப்பவற்றுள் இதுவே முதலாவது. நான்கு மூலைகளிலும் மினாராக்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்று மர்வான் குடும்பத்து மாளிகை முற்றத்தை நோக்கியதாம். பின்னாளில் சுலைமான் அங்கே தங்கியபோது முஅத்தினின் நிழல் வீட்டுக்குள் விழக்கண்டு அம்மினாராவை இடிக்கச் செய்தார் என்பர்.

710இல் ஹஜ்ஜுக்கு வந்த வலீத் தாம் கட்டுவித்த பள்ளியைக் காண மதீனா வந்தார். மக்கள் வெளியேற்றப்பட்டனர். ஒரே ஒருவரை வெளியேற்றக் காவலர்க்குத் துணிவு வரவில்லை. ஸயீத் பின் முஸய்யிப் தம் வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தார். எழுந்திருக்கும் நேரம் வரும் வரை எழ மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உமர், கலீஃபாவின் கண்ணில் அவர் படாதிருக்கப் பள்ளியின் மறுபக்கமாகவே அழைத்துச் சென்றார். ஆயினும் கிப்லாப் பக்கம் திரும்பியபோது வலீத் பார்த்துவிட்டார். அங்கே அமர்ந்திருப்பவர் ஸயீதா என்று வினவினார். ஆம், கண்பார்வை குன்றிவிட்டது, தெரிந்திருந்தால் எழுந்து வந்து ஸலாம் சொல்லியிருப்பார் என்று உமர் தடுமாறினார். கலீஃபாவே நடந்து அருகில் சென்று நலம் கேட்டார். அமர்ந்தபடியே பதில் ஸலாம் சொல்லி, தாம் நலம் என்றும் கலீஃபாவின் நலம் எவ்வாறென்றும் ஸயீத் கேட்டார். வலீத் சினக்கவில்லை. முன்னோருள் எஞ்சிய மனிதர் இவர் என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். மகளைத் தர மறுத்தவர், கசையடி பட்டவர், அறைகளுக்காக அழுதவர் எதிரே அமர்ந்திருக்க, உலகின் பெரும்பகுதியை ஆண்டவர் நின்றுகொண்டிருந்த காட்சி அது. வலீதின் பெருந்தன்மைக்கும் இது சான்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அன்றே இன்னொரு சொல்லும் அவர் காதில் விழுந்தது. உஸ்மான் (ரலி) அவர்களின் மைந்தர் அபானிடம், உம் தந்தையார் கட்டியதற்கும் நாம் கட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்தீரா என்று பெருமிதத்தோடு வினவினாராம். நாங்கள் பள்ளிவாசல் போலக் கட்டினோம், நீங்கள் தேவாலயம் போலக் கட்டியிருக்கிறீர்கள் என்னும் பொருள்பட அபான் விடை சொன்னார். அந்த மதீனாப் பள்ளி இன்று இல்லை. 1256இலும் 1481இலும் நேர்ந்த தீ விபத்துகளும் பிற்கால விரிவாக்கங்களும் அதை முற்றிலும் மாற்றிவிட்டன. அபானின் சொல்லைச் சீர்தூக்க வேண்டுமாயின் நாம் திமிஷ்குக்கே செல்ல வேண்டும்.

திமிஷ்கின் நடுவில் ஏறத்தாழ 157 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்ட மதிற்சுற்று உள்ளது. அராமியர் காலத்தில் அங்கே ஹதது என்னும் இடிக்கடவுளுக்குக் கோயில். உரோமர் காலத்தில் ஜூபிடருக்குக் கோயில். நான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யஹ்யா நபி (அலை) அவர்களின் பெயரால் கிறிஸ்தவப் பேராலயம். 630-களின் நடுவில் நகரம் முஸ்லிம்கள் வசமானபோது ஆலயங்களுக்குப் பாதுகாப்பு அளிக்கும் உடன்படிக்கை செய்யப்பட்டது. மதிற்சுற்றின் கிழக்குப் பகுதியில் முஸ்லிம்கள் தொழுதனர். மேற்கில் கிறிஸ்தவர் வழிபட்டனர். தெற்கு வாயில் இருவர்க்கும் பொது. நுழைந்ததும் ஒரு சாரார் வலப்புறமும் மறு சாரார் இடப்புறமும் திரும்பினர். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

முஆவியா (ரலி) அவர்களும் பின்னர் அப்துல் மலிக்கும் ஆலயத்தைத் தருமாறு கேட்டதுண்டு. கிறிஸ்தவர் மறுக்கவே விட்டுவிட்டனர். வலீத் விடவில்லை. பெரும்பொருள் தர முன்வந்தார், மறுத்தனர். உடன்படிக்கையைக் காட்டினர். இவ்வாலயத்தை இடிப்பவன் பித்தனாவான் என்றும் எச்சரித்தனர். அப்படியாயின் முதல் அடி என்னுடையதே என்று கூறி, மஞ்சள் அங்கியின் முன்றானையை இடையில் செருகிக்கொண்டு, கோடரியோடு தாமே மேலே ஏறினார் கலீஃபா. நகரில் இருந்த வேறு சில ஆலயங்கள் அவர்களுக்கு உறுதிசெய்யப்பட்டன என்பது உண்மையே. அதனால் செயல் நேர்மையாகிவிடாது. வழிபாட்டிடம் ஒன்று இடிபடும்போது உண்டாகும் வேதனை இன்னதென்று 1992 டிசம்பர் 6 அன்று அறிந்துகொண்ட நாம், வரலாற்றின் இந்தப் பக்கத்தைப் பெருமையோடு வாசிக்க இயலாது, மறைக்கவும் கூடாது.

706இல் தொடங்கிய பணி 715 வரை நடந்தது. பாரசீகம், இந்தியா, மக்ரிப், உரோம நாடு ஆகிய இடங்களிலிருந்து கைவினைஞர் வந்தனர் என்று பத்தாம் நூற்றாண்டுப் புவியியலறிஞர் முகத்தஸீ எழுதுகிறார். ஏழாண்டு நிலவரி முழுவதும் செலவாயிற்றென்றும், கணக்கேடுகளைப் பதினெட்டு ஒட்டகங்கள் சுமந்து வர, இறைவனுக்காகச் செய்ததைக் கணக்குப் பார்ப்பதில்லை என்று கலீஃபா அவற்றைப் பாராமலே விட்டார் என்றும் கதைகள் உண்டு. கூரைக்கு ஈயம் போதாமல் தேடியபோது ஒரு யூதப் பெண்மணியிடம் அது இருந்ததாம். எடைக்கு எடை வெள்ளி கேட்டவர், கலீஃபா அதற்கும் இணங்கியதறிந்து மனம் மாறி விலை வாங்காமலே ஈந்தார்; அவர் தந்த தகடுகளில் இறைவனுக்கு உரியது என்று பொறித்து வேய்ந்தனர் என்பர்.

கதைகளுக்கு அப்பால் உறுதியான சான்று ஒன்று 1901இல் எகிப்து நாட்டின் கோம் இஷ்காவ் என்னும் சிற்றூரில் கிடைத்தது. பண்டை நாளில் அஃப்ரோடிட்டோ எனப்பட்ட அவ்வூரின் அதிகாரி பஸீலியோஸ் என்பவருக்கு, எகிப்தின் ஆளுநர் குர்ரா பின் ஷரீக் 709 முதல் 714 வரை அனுப்பிய பாப்பிரஸ் மடல்கள் அவை. கிரேக்கத்திலும் அரபிலும் எழுதப்பட்டவை. திமிஷ்குப் பள்ளிக்கு இத்தனை வேலையாட்கள், பைத்துல் முகத்தஸ் பள்ளிக்கு இத்தனை பேர், இத்தனை மாதங்களுக்கு, இவ்வளவு கூலி, இவ்வளவு உணவுப்படி என்று அவை வரிசைப்படுத்துகின்றன. ஆளாகத் தராவிடின் பணமாகத் தருக என்கின்றன. நைல் நதிக்கரைத் தச்சரும் கூலியாட்களும் கடல் தாண்டி ஷாமுக்குச் சென்ற விதம் இதுதான். கூலி உண்டு, போகமாட்டேன் என்னும் உரிமை இல்லை. வலீதின் புகழ் பாடும் நூல்கள் எவையும் சொல்லாத இம்மனிதர்களை ஒரு வரிக்கணக்குக் கட்டு காப்பாற்றித் தந்திருக்கிறது.

கட்டடத்தைக் காண்போம். தேவாலயத்தில் தூண் வரிசைகள் வாயிலிலிருந்து பலிபீடம் நோக்கி நீளவாக்கில் செல்லும். திமிஷ்கில் கட்டடக் கலைஞர் அந்த அமைப்பை அப்படியே திருப்பிப் போட்டனர். மூன்று நெடும் பத்திகள் கிப்லாச் சுவருக்கு இணையாக, சுமார் 136 மீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் ஸஃப்பு எவ்வளவு நீளமாக அமைகிறதோ அவ்வளவு பேர் முன்வரிசையில் நிற்கலாம். ஸஃப்பின் நீளமே கட்டடத்தின் நீளமாயிற்று. நடுவில் ஒரு குறுக்குக் கூடம் இம்மூன்றையும் வெட்டி மிஹ்ராபை நோக்கிச் செல்கிறது, அதன்மேல் குப்பா. பொருள்கள் தேவாலயத்தினுடையவை: தூண்களும் போதிகைகளும் பழைய கட்டடங்களிலிருந்து எடுத்தவை. அமைப்போ தொழுகையிலிருந்து பிறந்தது. அபானின் சொல் பாதி உண்மை என்று நாம் சொல்வது இதனால்தான்.

சுவர்களின் கீழ்ப்பகுதியில் பளிங்குப் பலகைகள். மேலே பொன்னும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்த மொசைக் ஓவியங்கள். மேற்குத் தாழ்வாரச் சுவரில் எஞ்சியுள்ள ஓவியம் மட்டும் சுமார் 34 மீட்டர் நீளம். ஆறு ஓடுகிறது; கரையில் பெருமரங்கள்; மரங்களுக்கு இடையே மாளிகைகளும் சிற்றூர்களும். ஆனால் மனிதரும் இல்லை, விலங்கும் இல்லை. அது திமிஷ்கின் பரதா ஆறு என்பாரும், குர்ஆன் கூறும் சுவனச் சோலை என்பாரும், வென்ற நாடுகளின் காட்சி என்பாரும் உளர். படிகளில் ஒருவரும் இறங்காத, சாளரங்களில் ஒரு முகமும் தோன்றாத அந்த மாளிகைகள் இனி வரப்போகிறவர்களுக்காகக் காத்திருப்பன போலவே நமக்குத் தோன்றுகின்றன. ஆகவே சுவனம் என்னும் கருத்தின் பக்கமே நாம் சாய்வோம்.

எதற்காக இவ்வளவும் கட்டினார்? முகத்தஸீ இளமையில் தம் சிற்றப்பாவிடம் இதே கேள்வியை எழுப்பினார். இப்பொருளைச் சாலைகளுக்கும் கோட்டைகளுக்கும் செலவிட்டிருக்கலாமே என்றார். ஷாம் கிறிஸ்தவ நாடு. அதன் எழில்மிகு ஆலயங்கள் முஸ்லிம்களின் உள்ளத்தை மயக்கிவிடாதிருக்க வேண்டியே வலீத் கட்டினார் என்று சிற்றப்பா விளக்கினார். இவ்விளக்கத்தை அடுத்த தலைமுறையினர் பலரும் ஏற்றனர். ஆனால் வேறொரு பழைய செய்தியும் உண்டு: வலீதின் காலத்தில் சந்தித்துக்கொண்ட இருவர் கட்டடங்களைப் பற்றிக் கேட்டுக்கொள்வர், சுலைமானின் காலத்தில் உணவையும் பெண்களையும் பற்றி, உமர் பின் அப்துல் அஸீஸின் காலத்திலோ நேற்றிரவு எவ்வளவு குர்ஆன் ஓதினீர் என்று.

வலீத் 715 பிப்ரவரியில், திமிஷ்குக்கு அருகில் தைர் முர்ரான் என்னும் இடத்தில், நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் காலமானார். தம்பி சுலைமானை விலக்கி மகனை வாரிசாக்க முயன்றது நிறைவேறவில்லை. மதீனாவின் ஆளுநர் பதவியிலிருந்து ஹஜ்ஜாஜின் வற்புறுத்தலால் முன்பே நீக்கப்பட்டிருந்த உமரே ஜனாஸாத் தொழுகை நடத்தினார் என்று நூல்கள் கூறுகின்றன.

717இல் அதே உமர் கலீஃபா ஆனார். பட்டாடை போயிற்று; நறுமணம் போயிற்று. கிறிஸ்தவர் அவர்முன் வந்து பழைய உடன்படிக்கையை எடுத்துரைத்தனர். உமர், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதைக் கண்டு ஆலயப் பகுதியைத் திருப்பித் தர ஆணையிட்டார். பாங்கு ஒலித்துத் தொழுத பள்ளியை இடிப்பதா என்று திமிஷ்கு முஸ்லிம்கள் கலங்கினர். முடிவில் இரு தரப்பும் பேசி உடன்பட்டனர்: நகரைச் சூழ்ந்த கூதா சோலைவெளியில் போரின்போது கைப்பற்றப்பட்ட ஆலயங்கள் அனைத்தும் கிறிஸ்தவர்க்குத் திரும்பின, பள்ளி பள்ளியாகவே நின்றது. அந்த ஒப்பந்தத்தை உமர் எழுத்தில் உறுதி செய்தார் என்று பலாதுரீ பதிவு செய்கிறார்.

பள்ளியின் பொன்னையும் பளிங்கையும் கழற்றிப் பைத்துல் மாலில் சேர்க்கவும் உமர் எண்ணினார். அப்போது உரோம நாட்டுத் தூதுவர் வந்தனர். பள்ளியைக் கண்டதும் அவர்தம் தலைவர் முகம் வெளிறி நின்றார். அரபியர் இங்கே நிலைத்திருப்பது சிறிது காலமே என்று எண்ணியிருந்தோம், இதைக் கண்ட பின் அந்த எண்ணம் போயிற்று என்றாராம். அதைக் கேள்வியுற்ற உமர் தம் எண்ணத்தைக் கைவிட்டார்.

1069, 1401, 1893 ஆகிய ஆண்டுகளில் தீ அப்பள்ளியைத் தின்றது. ஒவ்வொரு முறையும் மீண்டும் எழுந்தது. சுண்ணப் பூச்சின் அடியில் மறைந்துகிடந்த ஆற்றோவியம் 1920-களின் இறுதியில் வெளிக்கொணரப்பட்டது. யஹ்யா நபியின் தலை அடங்கியதாக நம்பப்படும் மாடம் தொழுகைக் கூடத்தின் உள்ளேயே உள்ளது. முஸ்லிம்களோடு கிறிஸ்தவரும் அங்கே வந்து நிற்பதுண்டு. 2001 மே 6 அன்று போப் இரண்டாம் ஜான் பால் அப்பள்ளிக்குள் வந்தார். பள்ளிவாசலுக்குள் காலடி வைத்த முதல் போப் அவரே.

எழுபதாண்டுக் காலம் இரு சமயத்தாரும் நுழைந்த பழைய தெற்கு வாயில் வலீதின் காலத்தில் அடைக்கப்பட்டது. அதனை ஒட்டியே கிப்லாச் சுவர் செல்கிறது. வெளிப்புறத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் அவ்வாயிலின் மேல்விட்டக் கல் தெரியும். அதில் கிறிஸ்துவின் ஆட்சி என்றும் நிலைத்தது என்னும் கருத்துடைய கிரேக்க எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கோடரியோடு ஏறிய கலீஃபாவோ, அவருக்குப் பின் வந்த எந்த ஆட்சியாளரோ, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் அவ்வெழுத்துகளைச் செதுக்கி நீக்கவில்லை.